காலி அறையில் பிறந்த விலை

உல்லாசக் கப்பலில் எப்போது டிக்கெட் போட்டால் மலிவாகக் கிடைக்கும் என்று யார் கேட்டாலும், ஜெர்மனியில் ஒரு குளிர்காலத்தில் நடந்த கதையிலிருந்துதான் பதிலைத் தொடங்குவேன். 1891 ஜனவரி 22-ம் தேதி, எல்பே ஆறு கடலில் கலக்கும் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து 'அகஸ்டா விக்டோரியா' என்ற நீராவிக் கப்பல் புறப்பட்டது. கப்பலில் 241 பயணிகள். பிழைப்புத் தேடி அமெரிக்கா போகிறவர் அவர்களில் ஒருவரும் இல்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏறின ஊருக்கே திரும்பி வருவதற்காகப் பணம் கட்டியவர்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதப் பயணம். கரையில் நின்று பார்த்தவர்களில் பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கடல் பயணம் என்றாலே வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்ள வேண்டிய கஷ்டம் என்றிருந்த காலம் அது. அந்தக் கஷ்டத்தை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

வாங்குவார்கள் என்று நம்பியவர் ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க்கில் 1857-ல் பிறந்தவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்கிறவர்களுக்குக் கப்பல் சீட்டு விற்றுத் தரும் ஏஜென்சி அப்பாவுடையது. அப்பா இறந்ததும் சின்ன வயதிலேயே அந்தத் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டார். எந்த மாதம் கூட்டம் வரும், எந்த மாதம் ஈ ஓட்ட வேண்டியிருக்கும் என்பதைச் சீட்டு விற்றே தெரிந்துகொண்டவர். 1886-ல் 'ஹாம்பர்க்-அமெரிக்கா லைன்' அவரைப் பயணிகள் பிரிவுக்குத் தலைவராக்கியது. அட்லான்டிக் கப்பல்களுக்கு வருமானம் வசந்தத்திலும் கோடையிலும்தான். குளிர்காலத்தில் புயலும் பனியும் வந்துவிட்டால் வசதியுள்ளவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். கோடி கொட்டிக் கட்டிய புதுக் கப்பல் மாதக்கணக்கில் துறைமுகத்தில் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் கப்பலும் பணம் தின்னும்: வட்டி, பராமரிப்பு, காவல், சம்பளம். அந்த மாதங்களில் வெயில் அடிக்கும் பக்கம் அதை ஓட்டினால் என்ன என்று பாலின் யோசித்தார். இன்றைய உல்லாசக் கப்பல் தொழில் ஏறக்குறைய முழுவதும் அந்த யோசனையில் பிறந்தது.

முதல் உல்லாசப் பயணம் எது என்பதில் வழக்கு உண்டு. பாலினுக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1844-ல், இங்கிலாந்தின் பி அண்ட் ஓ கம்பெனி தன் தபால் கப்பல்களில் மத்தியதரைக் கடல் சுற்றுலாவை விளம்பரம் செய்தது. கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரேவுக்கு இலவசமாக இடம் கொடுத்து அனுப்பிவைத்தது. அவர் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நிரம்பாத படுக்கையைச் சும்மா கொடுத்தாலும் அதிலிருந்து லாபம் எடுக்க முடியும் என்று அந்தக் கம்பெனி அப்போதே கண்டுகொண்டிருக்கிறது. ஆனாலும் விலையின் கதையைச் சொல்ல பாலினைத்தான் எடுத்துக்கொள்வேன். விற்காத இடத்துக்கும் காலண்டருக்கும் உள்ள உறவை ஒரு வியாபாரமாகவே மாற்றியவர் அவர்.

அந்த உறவு எளிதானது. சாயங்காலம் ஏழு மணிக்குப் பூக்கடையில் மல்லிகை என்ன விலைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். காலையில் முழம் என்ன விலை சொன்னார்களோ, அது அப்போது செல்லாது. ராத்திரி தாண்டினால் பூவுக்கு மதிப்பில்லை. கப்பல் அறையும் அப்படித்தான். நங்கூரம் எடுத்த நிமிடத்தில் விற்காமல் இருக்கும் அறையை அதற்குப் பிறகு எந்த விலைக்கும் விற்க முடியாது. கப்பலில் ஆயிரம் பேர் இருந்தாலும் தொள்ளாயிரம் பேர் இருந்தாலும் எரிபொருளும் சிப்பந்திச் சம்பளமும் அநேகமாக ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் கப்பல் கிளம்பும் தேதியைப் பார்த்துக்கொண்டே விலை வைக்கிறது. கப்பல் காலியாகக் கிளம்பிவிடுமோ என்ற பயம் அதற்கு எந்த மாதம் வருகிறதோ, அந்த மாதம் நமக்கு நல்ல விலை கிடைக்கும். அந்தப் பயம் காலத்துக்குக் காலம் இடம் மாறியிருக்கிறது.

முதலில் அது குளிர்காலத்தில் மட்டும் இருந்தது. 1921-லும் 1924-லும் அமெரிக்கா குடிபெயர்வோர் எண்ணிக்கைக்குக் கடிவாளம் போட்டதும் கப்பலின் அடித்தட்டு காலியானது, பயம் வருடம் முழுக்கப் பரவியது. மதுவிலக்கு இருந்த 1920-களில், கரையிலிருந்து சற்றுத் தூரம் போய்க் குடித்துவிட்டு வருவதற்கென்றே குறைந்த கட்டணப் பயணங்கள் விற்றன. 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லான்டிக்கைத் தாண்டத் தொடங்கின. அதன் பிறகு கடலைக் கடப்பதற்கென்று கப்பல் ஏறுகிறவர்கள் வருடா வருடம் குறைந்துபோனார்கள். சில கப்பல்கள் பழைய இரும்புக்குப் போயின. சில வெயில் தேடி கரீபியன் பக்கம் போயின.

அந்தத் தொழிலுக்கு இன்று நாம் காணும் வடிவம் 1966-ல் மயாமியில் உருவானது. டெட் அரிசன், இஸ்ரேலைச் சேர்ந்தவர், அங்கே உட்கார்ந்து ஓர் இஸ்ரேலியக் கப்பலுக்குக் குளிர்காலப் பயணங்களை விற்றுக்கொண்டிருந்தார். முன்பதிவு நன்றாகவே நடந்தது. திடீரென்று கப்பலின் உரிமையாளர்கள் கடனில் மூழ்க, கப்பல் கையைவிட்டுப் போனது. கையில் பயணிகள் இருக்கிறார்கள், ஏற்றிப்போகக் கப்பல் இல்லை. அதே சமயம் நார்வேயில் கனூட் க்ளோஸ்டர் என்ற கப்பல் முதலாளிக்கு நேர் எதிரான சங்கடம். இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனிலிருந்து லிஸ்பன், ஜிப்ரால்டர் பக்கம் ஓட்ட 'சன்வர்ட்' என்று புத்தம்புதிதாக ஒரு கப்பல் கட்டியிருந்தார். ஜிப்ரால்டர் எல்லையில் ஸ்பெயின் கெடுபிடி செய்தது. வெளிநாடு போகும் பிரிட்டிஷ்காரர்கள் 50 பவுண்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று அவர்கள் அரசாங்கமும் கட்டுப்பாடு போட்டது. ஓட வேண்டிய கப்பல் காலியாக நின்றது.

அரிசன் க்ளோஸ்டரை அழைத்துப் பேசினார். ஒருவரிடம் பயணிகள், ஒருவரிடம் கப்பல். பேரம் படிய அதிக நேரம் ஆகவில்லை. 1966 டிசம்பர் 19-ம் தேதி 'சன்வர்ட்' மயாமியிலிருந்து பஹாமாஸ் கிளம்பியது. மூன்று நாள், நான்கு நாள் பயணங்கள். சுமார் 550 பேர் ஏறும் கப்பல். 'நார்வீஜியன் கரீபியன் லைன்' அப்படிப் பிறந்தது. குறுகிய பயணம், வாரா வாரம் ஒரே நாளில் கிளம்புவது, நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் கட்டணம் என்று இன்றைக்குச் சாதாரணமாகிவிட்ட மூன்றும் அந்தக் கூட்டணியில் ஒன்றுசேர்ந்தன. வாரா வாரம் கிளம்புவதைத்தான் இதில் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பாலினுக்கு வருடத்தில் சில மாதம்தான் கவலை. வாரா வாரம் கப்பல் கிளம்பினால் வாரா வாரம் காலி அறைக் கவலை.

கூட்டாளிகள் சண்டையில் பிரிந்தார்கள். 1972-ல் அரிசன் 'கார்னிவல்' என்ற பெயரில் தனிக்கடை போட்டார். கனடாக்காரர்களிடமிருந்து வாங்கிய ஒரு பழைய கப்பலுக்கு 'மார்டி க்ரா' என்று பெயர் வைத்து, மார்ச் 11-ம் தேதி முதல் பயணத்துக்கு அனுப்பினார். முந்நூறு டிராவல் ஏஜென்ட்டுகள் விருந்தினர்களாகக் கப்பலில் இருந்தார்கள். நன்றாக விற்றுக்கொடுப்பார்கள் என்று அழைத்தவர்கள்! மயாமி கடற்கரைக்கு எதிரேயே கப்பல் மணல்திட்டில் மாட்டிக்கொண்டது. கரையிலிருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, அசையாமல் நின்றது. அடுத்த இரண்டு வருடமும் நஷ்டம். 1974-ல் ஒரு டாலர் விலைக்குக் கம்பெனியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட அரிசன், கூடவே சுமார் 50 லட்சம் டாலர் கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டார்.

பின்னால் வந்த மலிவு விலைகளுக்கெல்லாம் அடிப்படை அந்தக் கஷ்ட காலத்தில்தான் அமைந்தது. எண்ணெய் விலை ஏறிக் கிடந்த நேரம். எரிபொருள் மிச்சம் பிடிக்கக் கப்பலை மெதுவாக ஓட்டினார்கள், இறங்கும் ஊர்களைக் குறைத்தார்கள். பயணிகள் கப்பலுக்குள்ளேயே அதிக நேரம் இருக்க வேண்டியதாயிற்று. சரி, கப்பலையே திருவிழாவாக்குவோம் என்று இறங்கினார்கள். பாட்டு, கேசினோ, மதுக்கூடம், இரவெல்லாம் ஆட்டம். 'ஃபன் ஷிப்' என்று அதற்குப் பெயர் வைத்து விற்றார்கள். பயணி டிக்கெட்டுக்குக் கொடுப்பது ஒரு பங்கு, ஏறிய பிறகு செலவழிப்பது இன்னொரு பங்கு என்று வருமானம் இரண்டாகப் பிரிந்தது. இன்று பெரிய கம்பெனிகளின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கப்பலுக்குள் நடக்கும் செலவிலிருந்து வருகிறது. காலி அறைக்கு வெறும் டிக்கெட் நஷ்டம் மட்டும் என்றால் கம்பெனி கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கலாம். அந்த அறையில் இருக்க வேண்டியவர் குடிக்காத காக்டெய்லும், போகாத கரைச் சுற்றுலாவும், எடுக்காத புகைப்படமும் சேர்ந்த நஷ்டம் என்றால் பிடிவாதம் பிடிக்க முடியாது. ஆகவே கடைசி நேரத்தில் அறை விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கக் கம்பெனிகள் தயங்காததில் ஆச்சரியமில்லை.

1977-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி லவ் போட்' தொடர் தொடங்கி ஒன்பது வருடம் ஓடியது. உல்லாசக் கப்பல் என்பது பணக்காரக் கிழவர்களுக்கானது என்ற எண்ணத்தை அது உடைத்தது. ஆள் கூடியது, கப்பல்களும் கூடின. 1988-ல் 73,000 டன்னில் 'சாவரின் ஆஃப் தி சீஸ்' வந்து இறங்கியது. இரண்டாயிரத்துக்கு மேல் பயணிகள். சன்வர்ட் மாதிரி நான்கு கப்பலை வாரா வாரம் ஒரே கப்பலுக்குள் நிரப்பும் வேலை அது. 1980-களில் அறைகள் ஆட்களைவிட வேகமாகப் பெருகின. பளபளப்பான பிரோஷரில் ஒரு விலை அச்சடித்திருக்கும், கிளம்பும் தேதி நெருங்க நெருங்க ஏஜென்ட்டுகளின் ஃபேக்ஸ் மெஷினில் வேறு விலை வந்து விழும். கடைசித் தொண்ணூறு நாளில் மிஞ்சிய அறைகளைத் தள்ளிவிடுவதற்கென்றே ஏஜென்சிகள் முளைத்தன. ஹூஸ்டனில் 1984-ல் தொடங்கிய 'வெக்கேஷன்ஸ் டு கோ' அதில் பேர்போனது.

இது பயணிகளைக் கெடுத்தது. ஒரு வருடத்துக்கு முன்பே ஆசையாகப் பணம் கட்டிய தம்பதி சாப்பாட்டு மேசையில் உட்காருவார்கள். பக்கத்தில் இருப்பவர் போன மாதம் பாதி விலைக்கு டிக்கெட் எடுத்ததாகச் சொல்வார். எப்படி வயிறு எரியாமல் இருக்கும்? அடுத்த முறை அந்தத் தம்பதியும் கடைசி வரை காத்திருப்பார்கள். எல்லோரும் காத்திருந்தால் கம்பெனிக்குத் தூக்கம் போய்விடும். கப்பல் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதும் பாதி அறை காலியாக இருந்தால், எவ்வளவு பேருக்குச் சமைப்பது, எவ்வளவு விமான இருக்கை பிடித்து வைப்பது என்று எதையும் தீர்மானிக்க முடியாது.

வழி விமானத் தொழிலிலிருந்து வந்தது. பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமானக் கம்பெனியில் கணக்கு வேலை செய்த கென் லிட்டில்வுட் 1972-ல் ஒரு சூத்திரம் எழுதினார். ஒரு இருக்கையை இப்போது 60 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், முழு விலை 100. பிறகு ஒருவர் வந்து முழு விலை கொடுத்து வாங்க வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் குறைவு என்றால் இப்போதே 60-க்குக் கொடுத்துவிடு, அதற்கு மேல் என்றால் காத்திரு. அவ்வளவுதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ராபர்ட் க்ராண்டால் இந்த வகைக் கணக்கை கம்ப்யூட்டரில் ஏற்றி 1985 ஜனவரியில் களமிறக்கினார். முன்கூட்டி வாங்குகிறவருக்கு மட்டும், எண்ணிக்கை குறித்து வைத்த இருக்கைகள் மட்டும், மலிவு விலையில். அதே விலைக்கு எல்லா இருக்கைகளையும் விற்றுக்கொண்டிருந்த 'பீப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற மலிவு விமானக் கம்பெனி இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்குள் கரைந்துபோனது.

கப்பல் கம்பெனிகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1990-களின் முற்பாதியில் 'ராயல் கரீபியன்' முதலிய கம்பெனிகள் விலையின் தலைகீழ் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. முதலில் வருகிறவருக்குக் குறைந்த விலை. அறைகள் விற்க விற்க விலை ஏறும். கடைசியில் வருகிறவர் அதிகம் கொடுக்கட்டும். முந்திக்கொண்டவனுக்கு லாபம் என்ற இன்றைய விதி அப்போதுதான் பிறந்தது. அதுவரை முந்திக்கொண்டவன் ஏமாளி.

விமானத்தின் கணக்கு அப்படியே கப்பலுக்குப் பொருந்திவிடவும் இல்லை. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கு. அதனால்தான் கம்பெனிகள் கப்பல் 105 சதவீதம் நிரம்பியது என்று அறிக்கை விடுகின்றன. குழந்தைகளுக்கான மூன்றாவது, நான்காவது படுக்கையும் சேர்ந்த கணக்கு அது. ஆனால் உயிர்காப்புப் படகுகள் ஏற்கும் எண்ணிக்கைதான் கப்பலின் எல்லை. பள்ளி விடுமுறையில் நான்கு பேர் குடும்பங்கள் நிறைய ஏறிவிட்டால், சில அறைகளை விற்கவே முடியாமல் பூட்டி வைக்க வேண்டி வரலாம். அதனால் கோடை விடுமுறையில் கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருப்பது மிக மோசமான உத்தி. அங்கே காலி அறை இருந்தாலும் நமக்கு அது காலி இல்லை.

முன்பதிவு விலை வந்ததும் அதற்கென்று ஒரு காலமும் அமைந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை. தொழிலில் இருப்பவர்கள் இதை 'வேவ் சீசன்' என்கிறார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடிந்து, அமெரிக்காவின் வடபகுதி பனியில் புதைந்து, வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஜனங்கள் வெயிலைப் பற்றி நினைக்கத் தொடங்கும் நேரம். வரப்போகும் கோடைக்கான கப்பல்களும் முழுக்க நிரம்பாமல் இருக்கும். கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு ஆஃபர் விடும். அதில் டிக்கெட் விலை குறைவதைவிட, இலவச வைஃபை, குடிவகைத் திட்டம், சிப்பந்திகளுக்கான டிப்ஸ், கப்பலில் செலவழிக்கத் தரும் தொகை என்று சேர்த்துத் தருவது அதிகம். ஆஃபரைப் பார்த்து மயங்கிவிடாமல், தனக்கு வேண்டாத சேர்மானத்தைக் கழித்துவிட்டு அடக்க விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்தான் இங்கே ஜெயிக்கிறார். மது தொடாத குடும்பத்துக்கு இலவசக் குடிவகைத் திட்டத்தால் என்ன பயன்? பாலின் கப்பலும் ஜனவரியில்தான் கிளம்பியது. அவருக்கு ஜனவரி கப்பலை ஓட்டும் மாதம். அவருடைய வாரிசுகளுக்கு அதுவே விற்கும் மாதம்.

முந்தி வருகிறவருக்கே குறைந்த விலை என்ற இந்தக் கட்டுப்பாடெல்லாம் இடி விழுந்ததுபோல் இரண்டு முறை உடைந்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்கர்கள் விமானம் ஏறப் பயந்தார்கள். இரண்டே வாரத்தில் 'ரெனைசான்ஸ்' கப்பல் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. மற்றவர்கள் விலையைக் கொட்டிக் கவிழ்த்தார்கள், பயணிகள் காரிலேயே வந்து ஏறும்படி கால்வெஸ்டன், பால்டிமோர் போன்ற துறைமுகங்களுக்குக் கப்பலை இடம் மாற்றினார்கள். மெல்ல மீண்ட பிறகும் கடைசி நேர விலைவெட்டு ஒரு பழக்கமாகவே ஒட்டிக்கொண்டது. 2015-ல் ராயல் கரீபியன், கிளம்பும் நாள் நெருங்கியதும் விலையைக் குறைக்க மாட்டோம், அறை காலியாகப் போனாலும் போகட்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பயணிகளுக்குக் காத்திருக்கும் பழக்கத்தை விடச் செய்வதற்குக் கொடுத்த விலை அது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து உலகத்தின் எல்லாக் கப்பல்களையும் நிறுத்தியது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பயணிகளோடு மறுபடி கிளம்ப 2021 ஜூன் மாதக் கடைசி ஆயிற்று.

அதற்குப் பிறகு கூட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியது. 1970-ல் சுமார் 5 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை, 2023-ல் 3 கோடியே 17 லட்சம், 2024-ல் 3 கோடியே 46 லட்சம். கம்பெனிகளின் பயம் குறைந்தால் நம் பேரமும் குறையும். இன்றைய நிலவரம் இதுதான்.

இப்போது ஓர் அறையின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்ப்போம். கரீபியனில் ஒரு வாரப் பயணம், சன்னல் இல்லாத உள் அறை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வருடத்துக்கு மேல் முன்பாகவே அது விற்பனைக்கு வரும். அப்போது விலை பெரும்பாலும் மிதமானது, தேர்வு விசாலமானது. இந்தக் கட்டத்தில் போட்டி இரண்டு முனையில்: மிகக் குறைந்த விலையுள்ள உள் அறைகளும், மிகப் பெரிய சூட்களும் முதலில் தீரும். நடுவில் பால்கனி அறைகள் மிஞ்சும். ஒரு வருடம் இருக்கும்போது ஒரு ஜனவரி வரும், ஆஃபர்கள் வரும். கிளம்ப 90 நாள் இருக்கும்போது பாக்கிப் பணம் கட்டும் கெடு. முன்பணம் மட்டும் கட்டி மனதை மாற்றிக்கொண்டவர்கள் அந்தக் கெடுவுக்குள் ரத்து செய்வார்கள். அந்த வாரத்தில் ஒரு சிறு அலையாக அறைகள் திரும்பிச் சந்தைக்கு வரும். கடைசி நேர விலை பிறக்கும் இடம் அதுதான். அடுத்த சில வாரங்களில் கம்பெனி, நிரம்புமா நிரம்பாதா என்று பார்த்துக்கொண்டு விலையை ஆட்டும். எந்த அறை எண் என்று சொல்லாமல் வகையை மட்டும் உறுதி செய்து விற்கும் 'கேரண்டி' அறைகள் இப்போது மலிவாகக் கிடைக்கும். இடம் எங்கே அமையும் என்பது கம்பெனியின் கையில். இன்ஜினுக்கு மேலேயும் அமையலாம், நடுக்கூடத்துக்குப் பக்கத்திலும் அமையலாம்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறவருக்கு இன்னும் பெரிய ஆதாயம் உண்டு. புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. அதன் உச்சமான செப்டம்பரில் கரீபியன் விலை இறங்கும். அமெரிக்காவின் நன்றி செலுத்தும் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையில் வரும் டிசம்பர் முதல் இரண்டு வாரங்கள் பொதுவாக வருடத்திலேயே மலிவான வாரங்களில் சேரும். அலாஸ்காவுக்கு மே மாதமும் செப்டம்பரும். வசந்தத்தில் கப்பல்கள் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கு இடம் மாறும், இலையுதிர் காலத்தில் திரும்பி வரும். எப்படியும் போயே ஆக வேண்டிய பயணம் என்பதால் அந்த அட்லான்டிக் பயணங்களில் ஒரு நாள் சராசரி கட்டணம் மிகக் குறைவாக இருக்கும். கடலிலேயே பல நாள் இருக்கத் தயாரானவர்களுக்கு அதைவிடச் சிறந்த பேரம் எனக்குத் தெரியாது.

இந்த ஏற்பாடு நம்மூர்க்காரர்களுக்கு முழுதாகப் பொருந்தாது. கடைசி நேரத் தள்ளுபடியில் மயாமியில் ஏற அமெரிக்கர் காரில் போவார். சென்னையிலிருந்து போகிறவருக்கு விசா வேண்டும். ஐரோப்பாவில் ஏற வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனாலும் நேர்காணல் நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகிற சீசன் உண்டு. அறையில் மிச்சப்பட்டதை விமான டிக்கெட் விழுங்கிவிடும். ஆகவே நமக்கு முன்பதிவே வழி. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, பூக்கெட் போகும் கப்பல்களைப் பலர் இப்போது எடுக்கிறார்கள். அங்கே விலையை ஆட்டிப்படைப்பது சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை: ஜூனில் நான்கு வாரம், நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் வரை. நம் பிள்ளைகளுக்கு மே மாதமே விடுமுறை தொடங்கிவிடுவதால், ஜூன் தொடங்கும் முன்பே போய்வந்துவிட்டால் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். மலேசியாவில் இறங்கி மறுபடி சிங்கப்பூருக்குள் வருவதால் பலமுறை நுழைவு விசா இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மயாமிக்கும் சென்னைக்கும் நேரடிச் சொந்தம் ஒன்று இருக்கிறது. 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைக்க சென்னையிலிருந்து கிளம்பிய 'கார்டேலியா' கம்பெனியின் 'எம்பரஸ்' கப்பல், 1990-ல் 'நார்டிக் எம்பரஸ்' என்ற பெயரில் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நான்கு நாள் பயணம் ஓடுவதற்கென்றே ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டது. சன்வர்ட் போட்டுக் கொடுத்த அதே வழியில் பல வருடம் ஓடித் தேய்ந்த கப்பல் நம் துறைமுகத்தில் நின்றது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஏனென்றால் பலர் இதைக் கேட்பதே இல்லை. அமெரிக்கச் சந்தையில் பல கம்பெனிகள், பாக்கிப் பணம் கட்டும் கெடு முடிவதற்குள் அதே அறையின் விலை இறங்கினால், கேட்கிறவருக்கு இறங்கிய விலையை மாற்றித் தருகின்றன. தானாகத் தருவதில்லை, கேட்க வேண்டும். வேறு நாட்டில் புக் செய்தால் விதி வேறாக இருக்கலாம், அதனால் முன்பணம் கட்டும் முன்பே ஏஜென்ட்டிடம் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்த நாளிலிருந்து கெடு வரை மாதம் இரண்டு முறை விலையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். குறைந்திருந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள், அந்த விலை அடுத்த நாள் வரை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.